சாவுச் சேதியிலிருந்து இன்பாக்ஸ் வரை

1

2021-ஆம் ஆண்டு ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும். என் முகநூல் உள்பெட்டிக்கு ஒரு செய்தி வந்தது. பக்கத்து ஊரில் தேர் காலனித் தெருவுக்குள் வராமல் திரும்பிப் போனதைப் பற்றி அன்று காலையில் எழுதியிருந்தேன். அந்தப் பதிவின் கீழே எவரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்பெட்டியில்தான் வந்தார்கள். அனுப்பியவருக்குப் பெயர் இருந்தது, குடும்பத்தோடு எடுத்த படம் இருந்தது. என் சாதிப் பெயரையும் என் உடம்பையும் சேர்த்து நாலு வரி எழுதியிருந்தார். அந்த வரிகளை இங்கே எழுதப் போவதில்லை. நம் பெண்களுக்கு அவை புதிதும் அல்ல. களத்துமேட்டிலும் பம்புசெட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும் நம் அம்மாக்கள் கேட்டவைதான்.

மறுநாள் காவல் நிலையம் போனேன். கைப்பேசியை வாங்கிப் பார்த்தவர் சொன்னார்: "யம்மா, இத நாலு பேரு முன்னாடி சொல்லியிருந்தா கேஸு. ஒனக்கு மட்டும் தனியா அனுப்பியிருக்கான். இதுல பப்ளிக் எங்க இருக்கு? பிளாக் பண்ணிட்டுப் போவியா, இதுக்குப் போய் டேஷனு வந்துகினு."

வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது: "அப்பல்லாம் தெருவுல நின்னு திட்டுவான். நாலு சனம் கேக்கும். நாமளும் நாலு வார்த்த திருப்பிச் சொல்லுவோம். இப்ப ஒன் தலமாட்டுல வந்து குந்திகினு திட்றானா?"

காவலர் சொன்னதும் அம்மா கேட்டதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள் என்று பிறகுதான் விளங்கியது. தனி எது, பொது எது என்று பிரிக்கிற அதிகாரம் இந்த நாட்டில் யாரிடம் இருந்திருக்கிறது? நமக்கென்று ஒரு தனி எப்போதாவது இருந்ததா? கைப்பேசிக்குள் இருக்கிற இந்தச் சின்னப் பெட்டியின் வரலாற்றை நம் தெருவிலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

2

எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்களுக்குத் தூது இலக்கியம் பாடம். தூது விடுவதற்கு உரியவை பத்து என்று மனப்பாடம் செய்தோம். அன்னம், மயில், கிளி, மேகம், மைனா, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. பரீட்சைக்கு வரும் கேள்வி. நானும் எழுதி மார்க்கு வாங்கினேன்.

என் தாத்தா அந்தப் பட்டியலில் இல்லை.

ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் தாத்தாதான் சேதி கொண்டு போவார். செத்தவருடைய சம்பந்தி எந்த ஊர், மகளைக் கட்டிக் கொடுத்தது எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்புவார்கள். விடிவதற்குள் இருபது மைல், முப்பது மைல். மழையானாலும் நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்த வீட்டில் வாசலுக்கு வெளியே தள்ளி நின்று குரல் கொடுப்பார். அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஒப்பாரி எழும். கூலி என்பது முந்தானையில் கொட்டுகிற ரெண்டு படி நெல். "அடுத்தவன் வூட்டு எழவத் தூக்கிகினு ஊர் ஊரா அலைஞ்சேன். எங்கப்பன் செத்ததச் சொல்ல எனக்கு ஆளு இல்ல" என்று தாத்தா சொன்னதாக ஆயா சொல்லும்.

ஓதலுக்கும் தூதுக்கும் பிரிந்து போவது உயர்ந்தோர்க்கு உரியது என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கிறது. அரசனுக்கு அரசன் அனுப்புகிற தூது உயர்ந்தோருடையது. மழையில் நனைந்து போகிற சாவுச் சேதி மட்டும் நம் காலுக்கு உரியது. அதே அகத்திணையியல், அடியோருக்கும் வினைவலருக்கும் அன்பின் ஐந்திணை பொருந்தாது, அதற்குப் புறத்தே கைக்கிளையும் பெருந்திணையுமே பொருந்தும் என்று சொல்வதாக உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அதாவது அடுத்தவருக்கு வேலை செய்கிறவனுக்கு அகம் கிடையாது. அவன் காதலும் காமமும் கேலிக்குரியவை, வேலிக்கு வெளியே நிற்பவை. இலக்கணத்திலேயே நம் தனியை மறுத்துவிட்டார்கள் என்பதை வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் தாத்தாவின் கால் வெடிப்பைப் பார்த்தவளுக்குத்தான் அது தெரிந்தது.

1990-91-இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோது வடமாவட்டங்களின் பல சேரிகளில் பறையடிக்க மாட்டோம், சாவு சொல்லப் போக மாட்டோம் என்று இளைஞர்கள் நின்றார்கள். எங்கள் தெருவிலும் நின்றார்கள். தாத்தா அப்போது உட்கார்ந்ததுதான், பிறகு எவன் சாவுக்கும் நடக்கவில்லை. அடுத்தவர் செய்தியைச் சுமக்க மறுத்தது நம் வரலாற்றில் ஒரு கட்டம். நமக்கென்று ஒரு செய்தியை அனுப்புவது வேறு கட்டம். அது அவ்வளவு சுலபமாக வரவில்லை.

3

இந்தியாவில் அஞ்சலட்டை 1879-இல் வந்தது. விலை கால் அணா. ஏழைக்கு எட்டிய முதல் கடிதம் அதுதான். ஆனால் அது திறந்த கடிதம். கையில் எடுத்தவர் எல்லாரும் படிக்கலாம். மடித்து ஒட்டுகிற இன்லண்டு லெட்டர் 1950-இல்தான் வந்தது. மூடிய உறைக்குக் காசு அதிகம். மூடி எழுதும் சுகமும் காசுள்ளவர்க்கே அதிகம் கிடைத்தது.

காசு மட்டும்தான் தடையா? தபாலாபீஸ் எந்தத் தெருவில் இருந்தது? பெரும்பாலான கிராமங்களில் அக்கிரகாரத்தில் அல்லது ஊர்த்தெருவில், யாராவது ஒரு பெரிய வீட்டின் திண்ணையில். பொதுத் தெருக்களிலும் அரசு அலுவலகங்களிலும் கிணறு குளங்களிலும் எந்தச் சாதியாரும் நுழையலாம் என்று சென்னை மாகாண சட்டசபையில் 1924-இல் நம் பிரதிநிதிகள் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. தடுக்காமல் இருந்திருந்தால் தீர்மானம் எதற்கு? ஒரு ஸ்டாம்பு வாங்குவதற்கும் சட்டசபையில் போராட வேண்டியிருந்த சனம் நாம்.

1990-களின் நடுவில் எங்கள் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தார். மாதம் ஒரு இன்லண்டு லெட்டர் வரும். தபால்காரர் காலனிக்குள் வர மாட்டார். ஊர்த்தெரு முனையில் இருந்த டீக்கடையில் எங்கள் தெருக் கடிதங்களை மொத்தமாகப் போட்டுவிட்டுப் போவார். அம்மா வேலைக்குப் போகிற வழியில் கடைக்காரர் கூப்பிட்டுச் சொல்வார்: "ஏ, ஒன் வூட்டுக்காரன் தீவாளிக்கு வரலியாமே." அம்மா கைக்கு லெட்டர் வருவதற்கு முன்பே செய்தி டீக்கடைக்குத் தெரிந்திருக்கும். ஒட்டிய ஓரம் நனைந்து பிரிந்திருக்கும்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முதலில் தெருவில் எட்டாவது படித்த அண்ணன் ஒருவர் படித்துக் காட்டுவார். எனக்கு எட்டு வயதானதும் நானே படித்தேன். மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நலம், நலமறிய ஆவல். பணம் அனுப்பியுள்ளேன். புள்ளைங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பவும். ஆட்டுக்குட்டியை விற்க வேண்டாம். இவ்வளவுதான் இருக்கும். மணியார்டர் வரும்போது அந்தப் பாரத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சின்ன இடம் உண்டு. அதிலும் இதேதான்.

அப்பா அம்மாவுக்கு அன்பாக ஒரு வரிகூட எழுதியதில்லை. அன்பில்லாமல் இல்லை. அந்தக் காகிதத்தின் மேல் எத்தனை கண் படும் என்று அவருக்குத் தெரியும். டீக்கடைக்காரன் படிப்பான், எட்டாவது படித்த பையன் படிப்பான், பெற்ற மகள் சத்தம் போட்டுப் படிப்பாள். மனுசன் என்ன எழுதுவான்? அம்மாவும் பதில் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். சில நேரம் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம், வுடு, நல்லா கீறம்னு எழுது" என்று நிறுத்திக்கொள்ளும். அது நிறுத்திக்கொண்ட சொற்கள் எங்கும் பதிவாகவில்லை. தலித் மக்களின் கடித இலக்கியம் ஏன் இல்லை என்று கேட்கிற ஆய்வாளர்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும்.

4

போன் வந்தபோதும் இதே கதைதான். அந்தக் காலத்து விண்ணப்பப் படிவங்களில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவோம். நம் வீட்டில் போன் இல்லை, இன்னார் வீட்டுக்குப் பேசினால் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பொருள். எங்கள் தெருவுக்கே பி.பி. எண் ஊர்த்தெரு மளிகைக்கடைதான். அப்பா பேசினால் கடைப் பையன் காலனி முனையில் நின்று கத்துவான். அம்மா ஓடும். ரிசீவரைக் கையில் தர மாட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டு, அம்மா வாசல்படிக்குக் கீழே நின்றபடி பேசும். கடையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்பார்கள்.

2000-க்குப் பிறகு செல்போன் மலிவானது. முதலில் மிஸ்டு கால். ஒரு ரிங் விட்டால் வந்து சேர்ந்துவிட்டேன், ரெண்டு ரிங் விட்டால் திருப்பிக் கூப்பிடு. பிறகு குறுஞ்செய்தி. ஆர்குட் 2004-இல் வந்து 2014-இல் மூடப்பட்டது. அதில் நம்மில் கல்லூரி எட்டிப் பார்த்த சிலர்தான் இருந்தோம். முகநூலும் 2004-இல் தொடங்கியதுதான், ஆனால் நம் பிள்ளைகள் கைக்கு வந்தது 2010-ஐ ஒட்டி. வாட்ஸப் 2009-இல் தொடங்கியது. 2013-இல் அதில் குரல் செய்தி வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் விழுந்தபோது காலனிக்குள் வீட்டுக்கு ஒரு தொடுதிரைப் போனாவது வந்துவிட்டது.

இதில் எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுவது குரல் செய்திதான். எழுத்தை வைத்து ஆயிரம் வருசமாக நம்மைத் தடுத்து வைத்தார்கள். அந்த எழுத்தே தேவையில்லாமல் ஒரு தனிச்செய்தி போகிறது. படிக்கத் தெரியாத என் அம்மா கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்பூரில் இருக்கிற சின்னம்மாவுக்குப் பேசி அனுப்புகிறது. நான் பக்கத்தில் போனால், "அந்தாண்ட போ, நான் பேசிகினு கீறன் இல்ல" என்று விரட்டுகிறது. அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒரே அறை வீட்டில் ஏழு பேராக வாழ்ந்த சனத்துக்குத் தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை கிடைத்தது, அதுவும் உள்ளங்கையில்.

அந்த அறைக்குள் நாம் என்னவெல்லாம் செய்தோம்? உதவித்தொகைக்குக் கடைசித் தேதியைச் சொன்னோம். ரெட்டைக் குவளையைப் படம் பிடித்து அனுப்பினோம். காலையில் நடந்த அடிதடியை மத்தியானத்துக்குள் வக்கீலுக்குத் தெரியப்படுத்தினோம். காதலித்தோம்.

5

காதலைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. அகம் நமக்கு இல்லை என்று இலக்கணம் சொன்ன பிறகு, போனுக்குள் நம் பிள்ளைகள் அகத்திணை எழுதத் தொடங்கினார்கள். சாதிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிக்கப்பட்டன. காரணம் சொல்லப்பட்டது ஒரு காதல் திருமணம். மறு ஆண்டு ஜூலை 4-இல் இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். அந்த நாட்களில் மேடைகளில் பேசியவர்கள் ஜீன்ஸையும் கூலிங்கிளாஸையும் குற்றஞ்சாட்டினார்கள். போனைச் சொல்லாமல் சொன்னார்கள். நம் பையன் ஜீன்ஸ் போடுவதைத் தெருவில் பார்க்கலாம், அடிக்கலாம். அவன் செய்தி அனுப்புவதைப் பார்க்க முடியாது. அதுதான் எரிச்சல். அதன் பிறகு ஆதிக்க சாதி வீடுகளில் பெண்பிள்ளைகளின் போனைப் பிடுங்குவதும் கடவுச்சொல்லைக் கேட்பதும் குடும்ப ஒழுக்கம் என்று ஆனது. டீக்கடையில் நனைத்துப் பிரித்த இன்லண்டு லெட்டரின் இன்றைய வடிவம் இது. இம்முறை அவர்கள் நனைப்பது தங்கள் பெண்களின் கடிதத்தை.

2015 ஜூன் 23 அன்று கோகுல்ராஜ் தன்னோடு படித்த தோழியோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டு மறுநாள் தண்டவாளத்தில் பிணமானார். தற்கொலை செய்துகொள்கிறேன் என்று அவரைப் பேசவைத்துக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டான். அவை ஊரெல்லாம் சுற்றின. போலீஸ் தேடுகிற ஒருவன் குரல் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒலித்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். இவர்கள் எல்லாரும் படித்தவர்கள், போன் வைத்திருந்தவர்கள். நமக்கு ரெண்டு பேர் பேசிக்கொள்வதே குற்றம். அவர்களுக்குக் கொலைக்குப் பிறகும் பேச ஒலிபெருக்கி உண்டு. ஒரே கருவிதான், அது இரு தெருவுக்கும் ஒன்றாக இல்லை.

6

இனி உள்பெட்டிக்குள் வருகிறவர்களைப் பற்றி. பதினைந்து ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வருவதில் எனக்கு வந்த செய்திகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை விசாரணை. "மேடம், உங்க எழுத்து நல்லா இருக்கு. எந்த ஊரு?" ஊர் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்?" பக்கம் சொல்லாவிட்டால், "உங்க குலசாமி எது?" பொதுவில் சாதி பார்க்காத தமிழர்கள் இவர்கள். உள்பெட்டியில் பார்ப்பார்கள். தெரிந்துகொண்டதும் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிலர் 'மேடம்' போய் 'நீ' ஆகிவிடுவார்கள்.

இரண்டாவது வகை, நான் தொடக்கத்தில் சொன்னது. வசவும் படமும். தலித் பெண்ணின் உள்பெட்டி என்றால் கதவில்லாத வீடு என்று நினைத்து வருகிறவர்கள். ராத்திரியில் சேரிக்குள் நுழைந்த மைனர்களின் வாரிசுகள். பகலில் தீட்டு, ராத்திரியில் தீட்டில்லை என்பது பழைய கணக்கு. பொதுவில் தீட்டு, உள்பெட்டியில் தீட்டில்லை என்பது புதிய கணக்கு.

மூன்றாவது வகையைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் நண்பர்கள். முற்போக்காளர்கள். "தோழர், நேத்து எழுதினது ரொம்பச் சரி. முழுக்க உடன்படுறேன்" என்று உள்பெட்டியில் எழுதுவார்கள். பதிவின் கீழே ஒரு விருப்பக்குறி இருக்காது. கேட்டால், "எங்க சொந்தக்காரங்க நிறையப் பேரு லிஸ்ட்ல இருக்காங்க தோழர், புரிஞ்சிக்குங்க." புரிகிறது. முன்பு ஊர்த்தெரு நண்பர் ஒருவர் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட இருட்டின பிறகு வருவார். விடிவதற்குள் வாயைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். நாங்களும் பெருமையாகச் சோறு போடுவோம். பகலில் டீக்கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த நட்புக்கும் இந்த நட்புக்கும் என்ன வித்தியாசம்? வசவையும் தனியே தருகிறார்கள், ஆதரவையும் தனியே தருகிறார்கள். பொதுவெளி மட்டும் சுத்தமாக இருக்கிறது. சாதி தமிழ்நாட்டில் இல்லை என்று சொல்கிறவர்கள் அந்தச் சுத்தத்தைக் காட்டித்தான் சொல்கிறார்கள்.

7

காவல் நிலையத்தில் அவர் சொன்னது முழுக்க அவருடைய சொந்தச் சோம்பேறித்தனம் அல்ல. சட்டத்திலேயே அந்த ஓட்டை இருக்கிறது.

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பட்டியல் சாதியினரை இழிவுபடுத்துவதும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட எந்த இடத்திலாவது' நடந்தால்தான் குற்றம். 2016 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த திருத்தத்திலும், பிரிவு 3(1)(r), 3(1)(s) இரண்டிலும் இந்தச் சொற்கள் அப்படியே இருக்கின்றன. 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், நான்கு சுவருக்குள் வெளியாள் இல்லாத இடத்தில் நடந்தது இதில் வராது என்றது. 2025 ஜனவரி 31-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து போன வழக்கிலும் அதே நியாயம். அரசு அலுவலக அறைக்குள் வைத்துத் திட்டியது பொதுப் பார்வை ஆகாது என்று வழக்கு ரத்தானது. 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் மட்டும், இணையத்தில் போட்ட காணொளியை யாரும் எப்போதும் பார்க்கலாம் என்பதால் அது பொதுப் பார்வைதான் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதுவும் பொதுவில் போட்டதைப் பற்றியது. ஒருத்தியின் உள்பெட்டிக்குள் வந்த வசவு?

சட்டம் எழுதியவர்கள் தெருவை மனதில் வைத்து எழுதினார்கள். அன்று அவமானம் தெருவில் நடந்தது. அவமானம் தெருவை விட்டு நம் தலைமாட்டுக்கு வந்து வெகுநாளாகிறது. சட்டம் இன்னும் தெருமுனையில் நின்று சாட்சி தேடுகிறது. நான் அதைப் படமெடுத்துப் பொதுவில் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். ஆனால் அப்போது பொதுவில் சொன்னது அவன் இல்லை, நான்.

இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, தோழர்களே. அதே சட்டத்தில் 3(1)(w) உண்டு. பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே பாலியல் தன்மையான சொல்லையோ செயலையோ சைகையையோ அவர்மீது பயன்படுத்துவது குற்றம். அங்கே 'பொதுப் பார்வை' என்ற நிபந்தனை இல்லை. அன்று காவல் நிலையத்தில் எனக்கு இது தெரியாது. அவருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்ததைச் சொல்லவில்லை. வேண்டாம் என்ற பிறகும் விடாமல் செய்தி அனுப்பித் தொல்லை கொடுப்பது அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம் 354D-இல் குற்றம். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு.

இன்னொன்று. வருகிற வேகத்தில் நாம் செய்வது அழிப்பதும் தடுப்பதும். அருவருப்பு அப்படி. ஆனால் அழித்தால் வழக்கும் அழிந்தது. மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இப்போது அது பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. படமெடுத்து வைத்தால் மட்டும் போதாது. செய்தி வந்த போனையே மாற்றாமல், விற்காமல் வைத்திருக்க வேண்டும். அனுப்பியவரின் பக்க முகவரி, தேதி, நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மும்பையில் 2019 மே மாதம் இறந்துபோன பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியின் வழக்கில், அவர் எழுதிய கடிதத்தின் படங்கள் அவர் கைப்பேசியில்தான் இருந்தன. செத்தவளின் போன் சாட்சி சொன்னது. உயிரோடு இருக்கும்போதே நம் போன் சாட்சி சொல்ல வேண்டும்.

8

நம் கடிதத்தைப் பிரிக்கிறவன் டீக்கடைக்காரன் மட்டும் அல்ல.

வாட்ஸப் 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளையும் மறையாக்கம் செய்தது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது என்றார்கள். 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். நமக்குச் சந்தோசம். ரெண்டே வருசம். 2019-இல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் குறி வைத்தவர்களுக்கு வாட்ஸப் நிறுவனமே தகவல் சொன்னபோது, அந்தப் பட்டியலில் ஆனந்த் தெல்தும்ப்டே இருந்தார். வழியில் உறையைப் பிரிக்க முடியாததால் போனையே பிரித்தார்கள். 2021-இல் அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம், பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியை ஆய்ந்து, குற்றச்சாட்டுக்கு அடிப்படையான கடிதங்கள் அவருக்குத் தெரியாமல் வெளியிலிருந்து உள்ளே வைக்கப்பட்டவை என்று அறிக்கை தந்தது.

யோசித்துப் பாருங்கள். நாம் எழுதிய கடிதத்தைப் படித்த காலம் போய், நாம் எழுதாத கடிதத்தை நம் பெட்டிக்குள் வைக்கிற காலம். ஆகவே நம் இயக்கக் குழுக்களில் யார் எதை அனுப்புகிறோம், யார் போன் யார் கையில் இருக்கிறது என்று கவனமாக இருப்பது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. உள்பெட்டி வசவுக்குத் தண்டனை வேண்டும் என்கிறோம். அந்தச் சாக்கில் எல்லார் உள்பெட்டியையும் திறக்க அரசுக்குச் சாவி கொடுத்துவிடக் கூடாது. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்கின்றன. வாட்ஸப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சாவி வந்தால் முதலில் திறக்கப்படுவது எந்தத் தெருக் கதவு என்று நமக்குத் தெரியும். பெறுகிறவள் தன் கையால் நீட்டுகிற செய்தியைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டால் போதும். அதற்கு யாருடைய பெட்டியையும் உடைக்க வேண்டியதில்லை. 'பொதுமக்கள் பார்வை' என்ற சொற்களை அந்த அளவுக்குத் திருத்தச் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டும். சாதிப் பெயர் ஒருவனுடைய தனிச்சொல் அல்ல. ஒரு ஊரே சேர்ந்து கொடுத்த பெயர் அது. அதைச் சொல்லித் திட்டுகிறவன் தனியாகத் திட்டவில்லை. அவனுக்குப் பின்னால் ஊர் நிற்கிறது.

9

அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை. பழைய போன் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சில மாதம் கழித்து எங்கள் காலனிச் சமுதாயக் கூடத்தில் பெண்கள் கூட்டம் நடந்தபோது அதைப் படித்துக் காட்டினேன். வாய் கூசியது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் படித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நர்சிங் படிக்கிற ஒரு பெண் தன் போனை எடுத்தாள். அடுத்து மகளிர் குழுத் தலைவி. அடுத்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அக்கா, "எனக்கு ஏதோ வந்துகினே இருக்குது, இன்னான்னு பாரு பாப்பா" என்று நீட்டினார். பார்த்தேன். ஐந்து மாதமாக வந்திருக்கிறது. அவருக்கு அது என்ன என்றே தெரியவில்லை.

அன்று பதினொரு பேர் காட்டினார்கள். ஒருவரும் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்திருந்தாள். 'தனிச்செய்தி' என்ற பெயர் செய்கிற வேலை அதுதான்.

ஒரு நோட்டு போட்டோம். தேதி, நேரம், பெயர், பக்கம். நர்சிங் படிக்கிற பெண்தான் எழுதுகிறாள். அவற்றில் நாலை வக்கீல் வைத்துப் புகாராக்கினோம். ஒன்றுக்கு 3(1)(w)-இல் முதல் தகவல் அறிக்கை கிடைத்திருக்கிறது. மூன்று நிலுவையில் இருக்கின்றன. என்னுடையதும் அந்த மூன்றில் ஒன்று.

கூட்டம் முடிந்து வந்த ராத்திரி அம்மா திண்ணையில் உட்கார்ந்து சின்னம்மாவுக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டைவிரலை எடுத்துவிட்டு, நான் உள்ளே போகிறவரை காத்திருந்தது. நான் போன பிறகு மறுபடியும் அழுத்தியது. என்ன பேசியது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.